உழவாரமும் திருப்பணியும்

திருச்சிற்றம்பலம்



திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தை நம் திருக்கோயில்கள் தோறும் கண்டு வணங்குகின்றோம். அத்திருவுருவத்தின் கையில் விளங்குவது உழவாரப் படை. வாளும் அன்று, வேலும் அன்று, புல் செதுக்கும் எளிய கருவி. அடியார்கள் நடக்கும் வழியில் முள் இருத்தலாகாது, ஆலயத் திருமுற்றத்தில் களை வளர்தலாகாது என்று கருதி, தலந்தோறும் சென்று அப்பெருமகனார் செய்த தொண்டின் அடையாளம் அது.

திருப்புகலூரில் சுவாமிகள் உழவாரப் பணி செய்தபோது, செதுக்கிய இடத்திலெல்லாம் பொன்னும் நவமணியும் ஒளிவிட்டுக் கிடந்தன என்று பெரியபுராணம் கூறுகின்றது. சுவாமிகள் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே எண்ணி, உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்தார். அதே தலத்தில், திருப்பணிக்கென்று வந்த செங்கற்களைத் தலைக்கு உயரமாக வைத்துத் துயின்ற சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு அச்செங்கற்கள் பொன்னாயின. ஒருவருக்குச் செங்கல் பொன்னாயிற்று. மற்றவருக்குப் பொன் கல்லாயிற்று. திருப்பணி என்னும் பேச்சு எழும் இடத்தில் பொன்னும் உடன் வந்துவிடுகின்றது. பொன் வந்தபோது அதனை எவ்வாறு நோக்குவது என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

பழமையான திருக்கோயிலைப் புதுக்குதல் வேறு, காத்தல் வேறு. இவ்வேற்றுமையை அறியாமல் செய்யும் திருப்பணி, அன்பினால் செய்யப்பட்டதாயினும் அழிவாக முடியும். அதற்கு அடியேனே ஒரு சான்று. அதனைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

நால்வகைக் குடமுழுக்கு

ஆகம வழக்கில் குடமுழுக்கு நான்கு வகைப்படும். புதிதாக எடுப்பித்த ஆலயத்தில் செய்வது ஆவர்த்தம். ஆற்றுப் பெருக்காலும் பிற இடர்களாலும் சிதைந்து, பூசை நின்றுபோன ஆலயத்தை மீட்டுச் செய்வது அனாவர்த்தம். கருவறை, திருச்சுற்று, கோபுரம் முதலியன பழுதுற்றவிடத்துப் பாலாலயம் செய்து, பழுது நீக்கி, மருந்து சாத்திச் செய்வது புனராவர்த்தம். கள்வர் முதலியோரால் தூய்மை குன்றியவிடத்துச் செய்வது அந்தரிதம்.

நம் ஊர்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நிகழ்வது பெரும்பாலும் புனராவர்த்தமே. இங்கு ஊன்றி நோக்கத்தக்கது அட்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டினையும் இடித்து இளக்கி, இலிங்கத் திருமேனிக்கும் ஆவுடையாருக்கும் இடையே சாத்துகின்றோம். அபிடேக நீர் உள்ளே இறங்காமல் காப்பது அதுவே. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்ந்து வெடிக்கும். வெடித்தபின் அதனை அகற்றிப் புதிது சாத்துகின்றோம்.

கல்லையும் கல்லையும் இரும்பு போன்ற ஒரு பொருளால் என்றும் பிரியாதபடி இறுக்கிவிட்டால் ஆகாதோ என்று சிலர் வினவக்கூடும். ஆகாது. இறுகிய பொருள் அசைவுக்கு இடங்கொடாது. இடங்கொடாதபோது வெடிப்பது கல்லே. மருந்து மென்மையாக இருப்பதனால் தேய்வையும் வெடிப்பையும் தான் ஏற்றுக்கொண்டு மூர்த்தியைக் காக்கின்றது. மாறத்தக்கது மாறுவதனால் மாறத்தகாதது நிலைபெறுகின்றது. பழைய கட்டடங்களைக் காக்கும் கலை முழுவதும் இவ்வொரு கருத்தில் அடங்கும் என்க.

சுண்ணாம்பும் சிமெண்டும்

நம் கோபுரங்கள் பலவற்றில் அடித்தளம் கருங்கல்லாலும், மேல்நிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் ஆனவை. செங்கல்லைப் பிணைத்தது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றிப் பல நாள் ஊறவிட்டு, மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்துப் பக்குவம் செய்தனர் முன்னோர். இக்காரை செங்கல்லினும் மென்மையானது. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே மூச்சுவிட இடங்கொடுப்பது. மழையிலும் வெயிலிலும் முதலில் தேய்வது காரையே, செங்கல் தப்பிவிடும். தேய்ந்த காரையைப் பூசிக்கொள்ளலாம். அட்டபந்தனத்தின் நெறியே இங்கும் உள்ளது.

இதன் மேல் சிமெண்டைப் பூசினால் நேர்வது என்ன? மேற்பூச்சு வன்மையாய் விடுகின்றது. உள்ளே உள்ள செங்கல் மென்மையாய் நிற்கின்றது. விரிசல் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. ஈரத்தோடு உப்பும் சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்குகின்றது. வெளியே பளபளப்பு, உள்ளே மண். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழும்போது பழைய செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். சிமெண்டு தீய பொருள் அன்று. புதிய கட்டடத்துக்கு அது ஏற்றதாகலாம். சுண்ணாம்பில் எழுந்த பழைய கட்டடத்துக்கு அது உறவன்று.

மண்டபங்களின் மேல்தளத்திலும் இத்தகைய பிழை நிகழ்கின்றது. ஒழுக்கு கண்டவுடன் பழைய தளத்தை எடுக்காமல் அதன்மேல் ஒரு தளம் போடுகின்றோம். அடுத்த குடமுழுக்கில் மற்றொன்று. பாரம் ஏறியபின் கல் உத்தரம் விரிகின்றது. கீழே திருச்சுற்றிலும் அப்படியே. பழைய தரையின்மேல் புதிய கல் பரப்பிப் பரப்பி, அதிட்டானத்தின் அடிவரிகள் மண்ணுள் மறைகின்றன. மழைநீர் வெளியே ஓடாமல் கருவறையை நோக்கி வருகின்றது.

செம்பியன் மாதேவியார் காட்டிய நெறி

“முன்னோர் செங்கல்லாக இருந்த தளிகளைக் கற்றளிகளாக மாற்றவில்லையா? அவர்கள் மாற்றியது திருப்பணி என்றால் நாங்கள் மாற்றுவது பிழையா?” என்று அன்பர் ஒருவர் அடியேனைக் கேட்டதுண்டு. நல்ல கேள்வி.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார். தேவாரத் தலங்கள் பலவற்றைக் கற்றளியாக எடுப்பித்த பெருமாட்டி அவர். திருக்கோடிகாவில் பழைய ஆலயத்தைக் கல்லால் அமைத்தபோது, அங்கிருந்த பழைய கற்களில் முன்னோர் பொறித்திருந்த அறக்கட்டளைகளை அவர் வீணாக விடவில்லை. அவற்றைப் படியெடுப்பித்து, புதிய சுவரில் மீண்டும் பொறிப்பித்து, இது பழங்கல்லில் இருந்ததன் படி என்பதனையும் குறிக்கச் செய்தார். அரசியார் ஆணையிட்டால் பழையவற்றை நீக்கித் தம் பெயரை மட்டும் பொறித்திருக்கலாம். தடுப்பார் எவர்? எனினும் தமக்கு முன் அறம் செய்தவர் பெயரைத் தம் அறத்துக்குள் வைத்துக் காத்தார். மாற்ற நேர்ந்தால் இவ்வாறு மாற்றுக என்று நமக்கு வழிகாட்டினார்.

அடியேன் செய்த பிழை

இப்போது அடியேன் கதையைச் சொல்கின்றேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றின் திருப்பணிக்குப் பொருள் சேர்க்கும் பொருட்டுப் பன்னிரண்டு இரவுகள் பெரியபுராணம் சொன்னேன். பொருள் குவிந்தது. அவ்வாலயத்தின் அர்த்தமண்டபத் தென்சுவரில் சில வரி எழுத்துகள் இருந்தன. எண்ணெய்ப் புகை படிந்து கறுத்திருந்தன. வயது முதிர்ந்த குருக்கள் ஐயா விளக்கைத் தூக்கிக் காட்டினார். நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்த செய்தி என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். கொடுத்தவர் ஒரு பெண்மணி என்பது வரையில் தெரிந்தது. பெயரைப் படிப்பதற்குள் விளக்கில் எண்ணெய் குறைந்தது. “நாளைப் பகலில் பார்த்துக்கொள்வோம், ஐயா” என்றேன். அந்த நாளை வரவில்லை. அடுத்த ஊர் விழாவுக்குப் புறப்பட்டுவிட்டேன்.

குடமுழுக்குக்கு வந்தபோது சுவர் புதிய கல் போல் வெண்மையாக இருந்தது. காற்றின் விசையால் மணலை வீசிச் சுவரைத் தேய்த்திருந்தனர். மணல் வீச்சு என்று அதனைச் சொல்வர். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போயிற்று. தோலோடு எழுத்தும் போயிற்று. அன்பர்கள் எல்லோரும் எவ்வளவு தூய்மை என்று மகிழ்ந்தனர். குருக்கள் ஐயா மட்டும் அச்சுவரின் பக்கம் திரும்பாமல் நின்றார்.

நந்தாவிளக்குக்குக் கொடுத்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் கூறும். சாகாதவை, மூப்படையாதவை என்பது பொருள். ஆடுகள் சாகாமல் இருக்குமா? சாகும். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி சேர்த்து, தொண்ணூற்றாறு என்னும் தொகை குறையாமல் இடையர் காத்து வந்தனர். அதனால் அந்த அறம் சாகவில்லை, மூக்கவில்லை. பல நூற்றாண்டுகள் மழைக்கும் படையெடுப்புக்கும் தப்பிய அவ்வம்மையாரின் பெயர், அடியேன் வாங்கிக் கொடுத்த பொருளால் ஒரு பகலில் இறந்தது. யாரையும் குறை சொல்ல அடியேனுக்கு உரிமை இல்லை. பொருள் சேர்க்கத் தெரிந்த எனக்கு, அப்பொருள் என்ன செய்யும் என்று கேட்கத் தெரியவில்லை.

இம்முறை இன்று திருக்கோயில்களில் விலக்கப்பட்டுள்ளது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் பழைய திருக்கோயில்களைக் காக்கும் பொருட்டு 75 நெறிகளை வகுத்து ஆணையிட்டது. ஆயினும் ஆணை ஊர் வாயிலில் நின்றுவிடும். உள்ளே இருந்து காப்பவர் அடியார்களே.

முதலில் படியெடுத்தல்

வேற்று நாட்டார் செய்த நற்செயலையும் அறிந்து கொள்வது தகும். பிரான்சு நாட்டுப் பாரிசு நகரில் 1163ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட நோத்ர் தாம் என்னும் கிறித்தவப் பேராலயம், 2019 ஏப்ரல் 15ஆம் நாள் தீப்பற்றியது. பழைய ஓக் மரங்களால் ஆன மேற்கூரை எரிந்தது. நடுவில் ஓங்கி நின்ற ஊசிக்கோபுரம் சரிந்தது. புதுமையான வடிவில் கூரை அமைக்கலாம் என்று பலர் பல வரைபடங்கள் தந்தனர். முன்பு இருந்தவாறே அமைப்பது என்று 2020இல் முடிவாயிற்று. நாடெங்கும் இருந்து ஓக் மரங்கள் வந்தன. தச்சர்கள் பழைய முறைப்படியே கைக்கோடரியால் செதுக்கி உத்தரங்கள் செய்தனர். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது. இது கைகூடியதற்கு ஒரு காரணம், தீப்பற்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அம்மரக் கூரையின் அளவுகளைச் சிலர் பொறுமையுடன் எடுத்து வைத்திருந்தமை. எடுத்தபோது அது எரியும் என்று எவரும் நினைக்கவில்லை.

நம் நாட்டிலும் அத்தகைய பொறுமைக்குச் சான்று உண்டு. 1010இல் நிறைவுற்ற தஞ்சை இராசராசேச்சரத்தின் கருவறை உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதனை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டு உலகுக்கு அறிவித்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர், மேலிருந்த நாயக்கர் ஓவியத்தைச் சிதைக்காமல் தோல் உரிப்பது போல் பிரித்தெடுத்துத் தனிப் பலகையில் பதித்து, கீழிருந்த சோழர் ஓவியத்தையும் வெளிப்படுத்தினர். மூத்ததைப் பெறுவதற்காக இளையதைக் கொல்லவில்லை. சுவரில் ஓவியம் இருப்பது அறியாமல் வெள்ளையடிக்கும் நாம் நாணத்தக்க செய்தி இது.

சிறு செடியும் பெருங்கோபுரமும்

திருக்காளத்தியில் 1516இல் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த இராசகோபுரம் 2010 மே 26ஆம் நாள் இடிந்து விழுந்தது. விரிசல்கள் முன்னரே காணப்பட்டவை. 2017இல் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது, மகிழ்ச்சியே. எனினும் அது 1516இன் கோபுரம் அன்று.

கோபுரங்களை வீழ்த்துவன பெரும்பாலும் இடியும் பூகம்பமும் அல்ல. பறவை இட்ட எச்சத்தில் ஓர் அரச விதை. சுதையின் இடுக்கில் இரண்டு இலை. அன்று கையால் பறித்தால் வந்துவிடும். பத்தாண்டு விட்டால் வேர் கல்லைப் பிளக்கும். பிடுங்கினால் கல்லும் உடன் வரும். அப்போது தண்டினை அறுத்து, வேரினை மடியச் செய்து, இடைவெளியைச் சுண்ணாம்புக் கரைசலால் நிரப்ப வேண்டும். நீர் ஒழுகும் தூம்பில் சருகு அடைத்தலும் அப்படியே. ஒரு கைச் சருகு, ஒரு மழை, ஒரு மண்டபம்.

இதனாலன்றோ அப்பர் பெருமான் கையில் உழவாரம் விளங்குகின்றது! அவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பொருள் திரட்டியவர் அல்லர். சென்ற நாளெல்லாம் செதுக்கியவர்.

அன்பர்களே, ஆண்டுக்கு இருமுறையேனும், மழைக்கு முன்னும் பின்னும், உங்கள் ஊர்த் திருக்கோயிலின் தூம்புகளையும் கோபுரத்தையும் பாருங்கள். செடியைத் தளிரிலேயே நீக்குங்கள். சுவரின் புகையை மென்மையான நாரும் நீரும் கொண்டு, அறிந்தவர் துணையோடு அகற்றுங்கள். எழுத்துள்ள கல் எதனையும், படியெடுக்காமல் தொட விடாதீர்கள். திருப்பணிக்குக் கொடுக்கும்போது, எதனைப் புதுக்கப் போகின்றீர்கள் என்று கேட்பதோடு, எதனைத் தொடாமல் விடப் போகின்றீர்கள் என்றும் கேளுங்கள்.

அந்த ஊருக்கு அடியேன் இன்றும் ஆண்டுதோறும் சென்று வருகின்றேன். பெயர் அறியா அவ்வம்மையாரை எண்ணி, தென்சுவரின் அருகே ஒரு நெய்விளக்கு ஏற்றி, திருமுற்றத்தில் சிறிது நேரம் புல் செதுக்கிவிட்டுத் திரும்புகின்றேன். அடியேனால் இயன்ற ஈடு அவ்வளவே.

திருச்சிற்றம்பலம்