மருந்தோடு வாழும் வீடுகள்

மருந்து என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தமிழகத்தின் ஏனைய பகுதி மக்களுக்கு நோய் தீர்க்கும் பொருளே நினைவுக்கு வரும். சிவகாசிக்கு அருகேயுள்ள எம். புதுப்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அச்சொல்லுக்கு முதற்பொருள் வேறு. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவையே இங்கு மருந்து. காலையில் தூக்குச்சட்டியுடன் ஆலை வண்டி ஏறும் தாயும், மாலையில் விரல் நுனிகளில் வெள்ளிப் பொடி படிந்து திரும்பும் மகளும் இம்மருந்தோடுதான் தங்கள் நாட்களைக் கழிக்கின்றனர்.

தொழிலைப் பழிப்பது நம் நோக்கமன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் இக்கரிசல் மண்ணின் எத்தனையோ அடுப்புகளை அணையாது காத்தது இத்தொழிலே. 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரின் முயற்சியிலிருந்து கிளைத்த மரம் இது. அம்மரத்தின் நிழலில் வாழ்வோர் மாலையில் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதற்குத் துணைசெய்யும் சில அன்றாடப் பழக்கங்களைக் குறித்தே ஈண்டு எழுதுகின்றோம்.

2023 அக்டோபர் 17-ஆம் நாளை நம் பகுதியினர் மறந்திருக்க இயலாது. தீபாவளிக்கு நான்கு வாரங்கூட இல்லாத வேளை. எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்தில் பட்டாசுகளைப் பெட்டிகளில் அடுக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. அங்குப் பற்றிய தீயில் 13 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பட்டாசை வெடித்துச் சோதித்தபோது பறந்த பொறி, அடுக்கியிருந்த சரக்கின்மேல் விழுந்தது என்று அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. அதே நாளில் கிச்சநாயக்கன்பட்டியில் நிகழ்ந்த வேறொரு விபத்து இன்னொருவரைக் கொண்டு போயிற்று. அதற்கு முன் 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர்; பின்னர் 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி. ஊர்ப் பெயர்கள் மாறுகின்றன, செய்தி மாறுவதில்லை.

ரெங்கபாளையத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மாண்டவர்களுள் பலர் மருந்து கலக்கியவர்கள் அல்லர். பெட்டி அடுக்கும் வேலையை நம் பெண்கள் ஆபத்தற்ற வேலையென எண்ணுகின்றனர். "மருந்து அறைக்குத்தான் சாமி பயப்படணும், நாங்க டப்பாதானே அடுக்குறோம்" என்று கூறுவோரை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். முடிந்த பட்டாசும் மருந்துதான். ஆயிரம் பெட்டிகளின் நடுவே அமர்ந்திருப்பவர் அத்தனை மருந்தின் நடுவே அமர்ந்திருக்கிறார் என்பதே உண்மை.

எனவே முதற்பழக்கம் வாசலைப் பார்ப்பது. எந்த அறையில் அமரினும், அமருமுன் வெளியேறும் வழியை ஒரு முறை கண்ணால் அளந்து கொள்ளுதல் வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா? அதன் முன் பெட்டியோ, சாக்கோ, யாரேனும் ஒருவருடைய தூக்குச்சட்டியோ வழியை மறிக்கிறதா? மருந்துத் தீ, விறகுத் தீயைப் போல மெல்லப் படர்வதன்று. கண் இமைக்கும் நேரத்தில் அறையை நிறைத்துவிடும். அவ்வேளையில் எவரும் யோசித்து ஓடுவதில்லை. கால்கள் முன்னமே அறிந்த வழியில்தான் ஓடும். ஆதலால் கால்களுக்கு நாள்தோறும் வழி காட்டி வைப்பது அறிவுடைமை.

உற்பத்தி அறை ஒன்றில் நால்வருக்கு மேல் பணியாற்றக் கூடாதென்பது விதி. தீபாவளி நெருங்க நெருங்க, நால்வர் அறுவராகி, அறுவர் பதின்மராகின்றனர். அறை போதாமல் திண்ணையிலும் மரத்தடியிலும் வேலை நடைபெறுகிறது. மரத்தடியில் காற்று உண்டு, வெக்கை இல்லை என்று சகோதரிகள் மகிழ்கின்றனர். அறைகளுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டியதே ஓரிடத்துத் தீ மற்றோரிடத்திற்குத் தாவாதிருக்கத்தான். அந்த இடைவெளியை மருந்தாலும் மனிதராலும் நிரப்பிவிட்டால், தீ நடந்து செல்லப் பாலம் கட்டியாயிற்று.

இனி, கைகளின் பழக்கத்துக்கு வருவோம். மருந்துக்கு மூன்று பகை: உராய்வு, அடி, ஈரம். நெருப்பைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் தரையில் இழுப்பவர் உராய்வை உண்டாக்குகிறார். தூக்கி வைப்பவர் அதைத் தவிர்க்கிறார். இரண்டிற்கும் நேர வேறுபாடு மிகச் சிறிது. இரும்புக் கரண்டி, இரும்புச் சல்லடை, ஆணி அடித்த செருப்பு இவை யாவும் மருந்தறைக்கு ஆகா. மரமும் மூங்கிலும் செம்பும் போதும். நைலான் சேலை மலிவாகக் கிடைக்கிறது. ஆயின் செயற்கை நூலில் உராய்வால் மின்சாரம் சேரும். உலர்ந்த தலையைச் சீப்பால் வாரும்போது மயிர் எழுந்து நிற்கிறதே, அதே மின்சாரந்தான். பருத்தி உடையே வேலைக்கு உகந்தது. மருந்தறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பின், உள்ளே நுழையுமுன் அதைத் தொட்டுச் செல்வது உடலில் சேர்ந்த மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் வழி. அதனை ஏதோ சடங்கென எண்ணிப் புறக்கணிப்போர் உளர்.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் இதனைப் பலர் அறியார். நீர் நெருப்பை அணைக்கும் என்பதே நாம் சிறு வயது முதல் கற்ற பாடம். ஆனால் அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால், உள்ளுக்குள்ளேயே வேதி மாற்றம் நிகழ்ந்து சூடு பிறக்கிறது. குவியலாகக் கிடந்தால் அச்சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். எவரும் தொடாமலே அது பற்றிக்கொள்ளக் கூடும். மாலையில் மிஞ்சிய மருந்தை மூடி வைத்து மறுநாட் காலை திறக்கும்போது விபத்து நேர்வதன் காரணம் பல வேளைகளில் இதுவே. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்; எஞ்சியதைப் போர்மேனிடம் கூறி முறைப்படி அழிக்கச் செய்தல் வேண்டும். மழைக்காலத்தில் இடிமுழக்கம் கேட்டவுடன் எண்ணிக்கை முடியவில்லையே எனப் பாராது அறையை விட்டு வெளியேறுவதும் இதனோடு சேர்ந்த பழக்கம். மின்னல் தாக்கி வெடித்த ஆலைகள் நம் வட்டாரத்திலேயே உண்டு.

இவற்றையெல்லாம் நம் மக்கள் அறியாதவர்கள் அல்லர். பின் ஏன் கைவிடுகின்றனர்? எண்ணிக்கைக் கூலியே காரணம் என்பது நம் கருத்து. குரோசுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய பின், பெட்டியைத் தூக்கி வைப்பவரைவிட இழுத்து வைப்பவர் மாலையில் கூடுதல் காசு பெறுகிறார். "வண்டி வர்றதுக்குள்ள எண்ணிக்கை முடியணும்ல சாமி" என்ற அந்தத் தாயின் குரலில் பேராசை ஒன்றும் இல்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருந்தது. அவசரத்திற்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானத்தை அறிவுரையாக மட்டும் வழங்குவது நேர்மையன்று. ஆலை உடைமையாளர்களும் இவ்விதழைப் படிக்கிறார்கள் என்று நம்புகிறோம்.

அமெரிக்காவில் 1802-இல் வெடிமருந்து ஆலை நிறுவிய டு பான்ட் என்பவர், ஆலையைக் கண்டும் கேட்டும் இருக்கும் தொலைவிலேயே தம் குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொண்டார். அங்குப் பணியாற்றினோர் ஆணிக்குப் பதில் மர முளை அடித்த காலணி அணிந்தனர். அவ்வளவு செய்தும் 1818-இல் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது, அவ்வீடும் சேதமடைந்தது. எனினும், தன் பிள்ளைகள் உறங்கும் இடத்துக்கு அருகே மருந்து கலக்கப்படும்போது ஒரு முதலாளிக்கு வரும் கவனம், உள்குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் வாழ்பவருக்கு வருமா என்று எண்ணத் தோன்றுகிறது. உள்குத்தகை ஆலைகளில் வேலை செய்வோர் தம் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேட்டறிவதும் நல்ல பழக்கமே. பெயர் இல்லாதவர், விபத்துக்குப் பின் தாம் அங்குப் பணியாற்றியதையே மெய்ப்பிக்க வேண்டியவராகின்றார்.

அடுத்து நாம் கூறவிருப்பது ஆலைக்குச் செல்லாதோருக்கும் உரியது. 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை தீப்பற்றியது. அதன் உரிமம் விபத்துக்கு முன்னரே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் தெரிய வந்தது. நண்பகல் நேரம், புகை வெகு தூரம் தெரிந்தது. சுற்றுப்புற ஊரார் ஓடி வந்தனர். சிலர் உள்ளே சிக்கியோரை மீட்க வந்தனர். சிலர் தம் உறவினரைத் தேடி வந்தனர். சிலர் பார்க்க வந்தனர். அவ்வேளையில் சேமிப்புக் கிடங்கு வெடித்தது. அன்று மாண்டோர் நாற்பதின் அளவினர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர்.

இது நம் ஊர் மக்களின் குறை மட்டுமன்று. 1917 டிசம்பர் 6-இல் கனடா நாட்டு ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில், வெடிமருந்து ஏற்றிய கப்பலொன்று மோதித் தீப்பிடித்தது. ஏறத்தாழ 20 நிமிடங்கள் அது எரிந்தது. மக்கள் கரையில் கூடினர். வீடுகளின் கண்ணாடிச் சாளரங்களில் முகம் பதித்து நின்றனர். கப்பல் வெடித்தபோது 2,000 பேர் அளவில் மாண்டனர். நூற்றுக்கணக்கானோரின் கண்களைச் சிதறிய கண்ணாடி பாழாக்கியது. 2000 மே 13-இல் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் பட்டாசுக் கிடங்கு எரிந்தபோதும் மக்கள் தெருவில் நின்று பார்த்தனர். இறந்த 23 பேருள் நால்வர் தீயணைப்பு வீரர்கள். தீயோடு போரிடப் பயின்றவர்களே தப்பாத இடத்தில், கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கும் நம் இளைஞருக்கு என்ன வேலை?

உதவி செய்யப் போகாதே என்று ஒரு குருவானவர் எழுதலாமா எனச் சிலர் கேட்கக் கூடும். முதலிப்பட்டிக்கு ஓடியவர்களுள் பலர் நல்லெண்ணத்தால் ஓடினர். அவர்தம் அன்பை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் பட்டாசு ஆலையில் முதல் வெடி என்பது முடிவன்று. தீ அறைக்கு அறை தாவும். கிடங்கைச் சேரும்போதே பேரழிவு நேரும். கண்ணுக்குப் புகை தெரிகிற இடத்திலேயே நின்று தீயணைப்பு நிலையத்துக்கும் 108-க்கும் செய்தி சொல்பவர், வண்டி வரும் பாதையில் கூட்டத்தை விலக்குபவர், தப்பி ஓடி வருவோரை எதிர்கொண்டு நீர் ஊற்றுபவர் இவர்களே அன்று அதிக உயிர்களைக் காப்பாற்றுவோர். மீட்புப் பாதையில் இரு சக்கர வண்டிகள் நெருக்கி நின்றால், உள்ளே துடித்துக் கொண்டிருப்பவருக்கு அதுவும் ஒரு தீ. ஆண்டவர் காப்பாற்றுவார் என்று ஆபத்துக்குள் தலையை நீட்டுவது விசுவாசம் ஆகாது. ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி சோதிக்கப்பட்டபோது நம் ஆண்டவர் மறுத்ததையும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தில் கற்பிக்கிறோமே.

இனி வீட்டுக்குள் வருவோம். கருந்திரி சுற்றும் வேலையை வீட்டுத் திண்ணையில் செய்வது சட்டப்படி குற்றம் என்பதை எல்லோரும் அறிவர். ஆயினும் அது முற்றிலும் நின்றபாடில்லை. ஆலையில் அறைகளுக்கிடையே இடைவெளி உண்டு. வீட்டில் திரிக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு நிலைப்படியே உண்டு. அங்கே உறங்குவது கைக்குழந்தை. தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் வாடிய சிறார்களுக்காக 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிய பின், ஆலைகளிலிருந்து விலகிய சின்னஞ்சிறு விரல்கள் வீட்டுத் திரியில் மீண்டும் கருமை ஏறக் கூடாது. இதில் நாம் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதற்கில்லை.

தீப்புண்ணுக்கு வீட்டில் செய்யத் தக்கதைப் பெற்றோர் மட்டுமன்றிப் பத்து வயதுப் பிள்ளையும் அறிந்திருத்தல் நலம். உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது; ஓடினால் காற்று தீயை வளர்க்கும். தரையில் படுத்து உருள வேண்டும். அருகிலிருப்போர் கெட்டியான பருத்திப் போர்வையால் மூடி அணைக்க வேண்டும். வெந்த இடத்தில் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடங்கள் ஊற்ற வேண்டும். பற்பசை, பேனா மை, நெய், முட்டை வெண்கரு இவற்றில் எதுவும் வேண்டா. பனிக்கட்டியும் ஆகாது. வளையல், மோதிரம், மெட்டி ஆகியவற்றை வீக்கம் தொடங்குமுன் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்த்து எடுக்கக் கூடாது. உடலின் பெரும்பகுதி வெந்தவரை நெடுநேரம் நனைத்தால் உடல் சில்லிட்டுவிடும். அவரைத் தூய துணியால் போர்த்தி விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முறை. 2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கும் 108 ஊர்தியை அழைப்போர், ஊரின் பெயரை மட்டும் கூறாது, அருகிலுள்ள கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி என அடையாளம் ஒன்றையும் கூறப் பழகியிருந்தால் நேரம் மிஞ்சும். புதுப்பட்டி என்ற பெயரில் தமிழகத்தில் எத்தனை ஊர்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்!

மாலையில் வேலை முடித்து வருபவர் முதலில் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. உடையிலும் தலையிலும் படிந்த பொடி வீடு வரை வருகிறது. அதே உடையோடு அடுப்பின் முன் குனிவதும், குழந்தையை அள்ளி எடுப்பதும் நாம் நாள்தோறும் காணும் காட்சி. வாசலிலேயே கைகால் கழுவி, உடை மாற்றி, வேலை உடையை வீட்டாரின் துணிகளோடு சேர்க்காமல் தனியே நனைத்து வைத்த பின் அடுப்படிக்குச் செல்லலாம். அதற்குள் காபித் தண்ணீர் கொதிக்க வைப்பதை வீட்டிலிருக்கும் ஆண்மகன் செய்தால் என்ன?