கேம் ஸ்டூடியோவின் ஆள் கணக்கு

பெரிய வீடியோ கேம் ஒன்றை உருவாக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆவது இன்று வழக்கமாகிவிட்டாலும், அக்காலம் முழுவதும் அதில் ஒரே அளவான ஆட்கள் பணிபுரிவதில்லை. முன்தயாரிப்பு எனப்படும் தொடக்கக் கட்டத்தில், ஆட்டத்தின் கதையும் விதிகளும் எப்படி அமைய வேண்டும் என்பதை முன்மாதிரிகள் செய்து பார்த்துச் சிறு குழு ஒன்றே முடிவு செய்கிறது. அம்முடிவுக்கு முன்னரே பெருங்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டால், அவர்கள் உருவாக்கும் கட்டடங்களும் பாத்திரங்களும் பின்னர் பயனற்றுப் போகலாம். அடுத்து வரும் முழுத் தயாரிப்பில் நூற்றுக்கணக்கானோர் தேவைப்படுகின்றனர். இறுதிக் கட்டத்தில் நிரலாளர்களும் சோதனையாளர்களும் பிழைகளைக் களைவதில் மூழ்கியிருக்க, கதை எழுதுவோருக்கும் தொடக்க ஓவியங்களை வரைவோருக்கும் வேலை குறைந்துவிடுகிறது. அவர்கள் சும்மா இருந்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பதால், முதல் ஆட்டம் முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்கிவிடுவது ஸ்டூடியோக்களின் வழக்கம்.

இந்தக் கணக்கை வெளிப்படையாகக் காண உதவுவது போலந்தின் வார்சாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிடி புரொஜெக்ட் நிறுவனம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்நிறுவனம், எந்த ஆட்டத்தில் எத்தனை பேர் பணிபுரிகின்றனர் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தன் நிதி முடிவுகளுடன் வெளியிட்டு வருகிறது.

இந்நிறுவனம் சைபர்பங்க் ஆட்டத்தை 2012-லேயே அறிவித்துவிட்ட போதிலும், அதன் ஆட்களில் பெரும்பாலோர் 2015 மே மாதம் வெளிவந்த விட்சர் 3 என்னும் ஆட்டத்திலும், அதன் கதையை நீட்டித்து 2016 மே வரை வந்த இரு விரிவாக்கப் பகுதிகளிலும் ஈடுபட்டிருந்தமையால், புதிய ஆட்டத்தின் முழுத் தயாரிப்பு அதற்குப் பின்னரே சூடுபிடித்தது. பலமுறை தள்ளிவைக்கப்பட்டு 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 வெளியானபோது, பிழைகள் மலிந்திருந்ததால் சோனி அதனைத் தன் இணையக் கடையிலிருந்து சில மாதங்கள் நீக்கி வைத்தது. அடுத்த ஆட்டத்துக்குச் சென்றிருக்க வேண்டிய பலரைத் திருத்தப் பணி பிடித்துக்கொண்டது.

2021 மார்ச்சில் நிறுவனம் தன் முறையை மாற்றி, பெரிய ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் இணையாக உருவாக்கப்போவதாக அறிவித்தது. ஓராண்டு கழித்து, சொந்தமாக உருவாக்கிய எஞ்சினை, அதாவது ஆட்டத்தின் காட்சிகளையும் இயக்கத்தையும் நடத்தும் அடிப்படை மென்பொருளை, விட்டுவிட்டு அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாறும் முடிவும் வெளியானது. எல்லாக் குழுக்களும் ஒரே எஞ்சினைக் கையாளும்போது, ஒரு திட்டத்தில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறுவது எளிதாகிறது.

2023 செப்டம்பரில் சைபர்பங்க் 2077-இன் ஃபாண்டம் லிபர்ட்டி என்னும் விரிவாக்கப் பகுதி வெளியானதும், அதில் இருந்தோர் அடுத்த விட்சர் ஆட்டத்துக்கு நகர்ந்தனர். 2024 நவம்பரில் அது முழுத் தயாரிப்புக்குள் நுழைந்தபோது 400-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். சைபர்பங்கின் அடுத்த பாகமோ, வட அமெரிக்காவில் பாஸ்டனை மையமாகக் கொண்ட சிறு குழுவிடம் இருந்தது.

ஆயினும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. வரும் திட்டங்களின் தேவைக்கு மேல் ஆட்கள் இருப்பதாகக் கூறி, 2023 ஜூலையில் சுமார் 100 பேரை, அதாவது பணியாளரில் ஏறக்குறைய 9 விழுக்காட்டினரை, படிப்படியாக விடுவிக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. மாறாக, பின்தங்கிய திட்டத்தில் ஆட்களைக் குவிப்பதும் எளிய தீர்வாகாது. புதியவர்க்குப் பயிற்சி தருவதிலும் அவர்களை ஒருங்கிணைப்பதிலும் பழையவர்களின் நேரம் கரைவதால் தாமதம் மேலும் கூடும் என்பதைக் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எடுத்துக்காட்டினார்.

எனவே, ஓர் ஆட்டம் எப்போது வெளிவரும் என்பதை அது அறிவிக்கப்பட்ட நாளைக் கொண்டு கணிப்பதைவிட, முந்தைய ஆட்டத்திலிருந்து ஆட்கள் எப்போது விடுபட்டனர் என்பதைக் கொண்டு கணிப்பதே பொருத்தமாக இருக்கும்.