முதுமையின் கூனும் முதுகெலும்புக் காசநோயும்

வயது ஏறினால் முதுகு வளையும் என்பது பொதுவான நம்பிக்கை. எனவே மும்பையில் தாராவியின் சந்துகளிலாயினும், மாட்டுங்கா, செம்பூர் குடியிருப்புகளிலாயினும், முதியவர் ஒருவரின் கீழ்முதுகில் வீக்கம் தோன்றினால் முதலில் நாடப்படுவது தைலமும் ஒத்தடமுமே.

பெரும்பாலும் இந்நம்பிக்கையில் தவறில்லை. மாதவிலக்கு நின்ற பெண்களின் எலும்புகள் அடர்த்தி குறைந்து முன்புறம் நசுங்குவதால் மேல்முதுகு மெல்ல வளைகிறது. தோலுக்கடியில் நகரக்கூடியதாய், பல்லாண்டு மாறாதிருக்கும் கொழுப்புக் கட்டியும் பொதுவாகத் தீங்கற்றதே. ஆனால் முதுகெலும்புக் காசநோய் அத்தகையதன்று. கவனியாது விட்டால் கால்கள் செயலிழக்கக்கூடும்.

இரத்த வழியே வரும் காசக்கிருமி முள்ளெலும்பின் முன்பகுதியில் தங்கி, அடுத்தடுத்த இரு எலும்புகளையும் அவற்றின் இடைத்தட்டையும் சிறிது சிறிதாக அரிக்கிறது. எலும்பு முன்பக்கம் சரியவே, முதுகில் கூர்மையான புடைப்பு எழுகிறது. அங்கு சேரும் சீழ் தசைகளினூடே இறங்கி, கீழ்முதுகிலோ தொடை இடுக்கிலோ மென்மையான வீக்கமாக வெளிப்படும். அதில் சூடும் இராது, சிவப்பும் இராது. மருத்துவர்கள் இதனைக் 'குளிர்ந்த கட்டி' என்பர். ஏமாற்றுவதும் இக்குளிர்ச்சியே. சளிப் பரிசோதனையில் கிருமி காணப்படாமையும் இந்நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இந்நிலையில் முதுகை அழுத்திப் பிசைவது, நொய்ந்த எலும்பை மேலும் நொறுக்கக்கூடும்.

இந்தக் கூனையும் கால் முடக்கத்தையும் ஆங்கில அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-ல் விவரித்தார். கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882-ல். சிகிச்சைமுறையில் சென்னையின் பங்கு பெரிது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் இருந்தபடியே மருந்துண்ட நுரையீரல் நோயாளிகளும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைவதை 1959-ல் நிறுவியது. பின்னர் 1970-களில் தொடங்கிய ஆய்வுகளில், முதுகெலும்பு நோயாளிகளிலும் பெரும்பாலோர் அறுவையின்றி, மருந்தாலேயே தேறினர். தாராவி போன்ற பகுதிக்கு இவ்வுண்மையின் மதிப்பு சொல்லாமலே விளங்கும்.

2016-ல் வெளியான இந்திய வழிகாட்டுநெறிகள் இந்நோய்க்கு ஓராண்டு சிகிச்சையைப் பரிந்துரைத்தன. தாராவியை அடுத்த சயானில் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையும், சிவ்ரியில் காசநோய் மருத்துவமனையும் உள்ளன. அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். ஊட்டத்துக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்கப்படலாயின. ஆயினும் தினக்கூலியாளருக்கு மருத்துவமனை வரிசை ஒரு நாள் ஊதிய இழப்பு; தாமதத்தின் வேர் பல நேரங்களில் அறியாமையன்று, இதுவே.

இரவில் மிகும் முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியன வீக்கத்துடன் சேர்ந்தால் காந்த அதிர்வுப் படம் எடுப்பது உசிதம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் நோய் புலப்படாமற் போகலாம். நடை தடுமாறினாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.