புழலுக்கு மேற்கே ஒரு செம்மண் தடம்

வடசென்னையில் சைக்கிள் மிதிக்கிறவர்களிடம் மலை என்று சொன்னால் ஊட்டியும் ஏலகிரியும் கொல்லிமலையும்தான் நினைவுக்கு வரும். வண்டியை வேனில் ஏற்ற வேண்டும், இரண்டு நாள் லீவு போட வேண்டும். ஆனால் மலைத்தடத்துக்கான மண் புழல் ஏரிப் பக்கமே ஆரம்பித்துவிடுகிறது. ஜி.என்.டி. சாலையின் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி, செங்குன்றத்தில் மேற்கே திரும்பி, தாமரைப்பாக்கம், வெங்கல், சீத்தஞ்சேரி என்று போனால் பூண்டி நீர்த்தேக்கம் வரும். அதற்கு அப்பால் அல்லிக்குழி மலைக் காடு. விடியற்காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

இந்த வழியில் இரண்டு விதமான தரையைப் பார்க்கலாம். செங்குன்றம் பக்கம் இருப்பது செம்புரைக்கல்லும் அது உடைந்து உண்டான சரளையும். கடும் வெயிலும் கனமழையும் மாறி மாறி வரும் நாடுகளில் பாறையிலுள்ள சிலிக்காவும் மற்ற உப்புகளும் பல்லாயிரம் ஆண்டுகளில் மழைநீரோடு கரைந்து போய்விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். அந்த இரும்பின் துருதான் மண்ணுக்கு இந்த நிறத்தைத் தருகிறது. துரு உருண்டு திரண்டு சின்னச் சின்ன மணிகளாகவும் ஆகிவிடுகிறது. இறுகிய தரைமேல் இந்த மணிகள் பரவிக் கிடக்கும் இடத்தில் வளைவு எடுத்தால், சிமென்ட் தரையில் கொட்டிய கொண்டைக்கடலைமேல் கால் வைத்த மாதிரி டயர் வழுக்கும். இங்கே விழுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தால் விழுவதில்லை. வளைவின் நடுவில் முன் பிரேக்கைப் பிடிப்பதால் விழுகிறார்கள். பிரேக் பிடிக்கிற வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பூண்டிக்கு அப்பால் தரை மாறிவிடும். குடியம், அல்லிக்குழிப் பக்கத்து மலைகள் கூழாங்கற்களால் ஆனவை. டைனோசர்கள் உலவிய காலத்தில் ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கொட்டிய குவார்ட்சைட் கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிப் பாறையாகியிருக்கின்றன. முஷ்டி அளவிலிருந்து தலை அளவு வரை வழவழப்பான கற்கள் பாறைச் சுவரில் பதிந்திருப்பதை குடியம் குகையில் அண்ணாந்து பார்க்கலாம். பாறை தேயத் தேய அவை கழன்று விழுந்து பாதையெல்லாம் பரவுகின்றன. சைக்கிள்காரருக்கு இடைஞ்சலான இந்தக் கற்களைத்தான் ஆதிமனிதர் தேடி வந்து கோடரியாகச் செதுக்கினர். 1863 மே மாதம் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அகழாய்வு செய்து, கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011இல் அறிவித்தது. இப்படிப்பட்ட நிலத்தின் வழியாகச் சைக்கிளில் போகிற வாய்ப்பு உலகத்தில் எத்தனை ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கும்?

இந்த மாதிரித் தரையில் ஓட்டுவதற்கான மலைச் சைக்கிள் பிறந்தது கலிபோர்னியாவில், 1970களின் நடுவில். டமால்பைஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள் குண்டு டயர் போட்ட பழைய வண்டிகளில் மண்பாதையில் இறங்கிப் போட்டி வைத்தார்கள். ஒரு பாதையின் இறக்கம் மட்டும் 1,300 அடி. ஆளும் வண்டியுமாக 85 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறையப் போதும். அதில் பெரும்பகுதி பின்சக்கர ஹப்புக்குள் இருந்த பிரேக்கில் சூடாக மாறியதால், உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துபோனது. ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. இந்த இறக்கப் போட்டிகளுக்கென்றே அந்த இளைஞர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் புதுச் சட்டகம் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்ந்துவிட்டது.

ஏற்றத்தில் கணக்கு வேறு. நூறு மீட்டர் போவதற்குள் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில், அதே 85 கிலோவை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மேலே கொண்டுபோக மட்டும் ஏறக்குறைய 140 வாட் வேண்டும். சரளையின் உராய்வுக்கு இன்னும் முப்பது நாற்பது வாட் போகும். பழக்கமில்லாதவர் இதை நெடுநேரம் தாங்க முடியாது. அதனால்தான் முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் பெரியதும் தேவைப்படுகின்றன. கடையில் கம்பீரமாக நிற்கும் மலிவான ‘ஷாக்’ வைத்த வண்டிகளை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. அந்த ஸ்பிரிங் எடையைக் கூட்டும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கையும் விழுங்கும். நல்ல டயர் போட்ட சாதாரண வண்டியே இந்த வழிக்குப் போதும்.

டயரில் எவ்வளவு காற்று என்பதுதான் பெரிய விஷயம். பின்சக்கரத்தின் மேல் 50 கிலோ, அதாவது 110 பவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு, காற்று இருந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் இரண்டே முக்கால் சதுர அங்குலம். 25 பிஎஸ்ஐக்கு இறக்கினால் கிட்டத்தட்ட நாலரை. கெட்டியாக அடித்த டயர் ஒவ்வொரு கூழாங்கல்லிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடும், ஒவ்வொரு தூக்கலுக்கும் நம் பலம் வீணாகும். இளகிய டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருளும். தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று காற்றைக் குறைத்துக்கொண்டால் போதும். டியூப் போட்ட டயரில் ரொம்பவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கும், கவனம் தேவை.

வழியெங்கும் நெருஞ்சி வேறு. அதன் காய் ஐந்தாகப் பிரிந்து உதிரும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும். விதையைக் காலில் குத்தி ஊர் ஊராக அனுப்பும் அந்தச் செடிக்கு ஆட்டுக் குளம்பும் டயரும் ஒன்றுதான். டியூப் இல்லாத டயருக்குள் ரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்றி வைத்தால், முள் குத்திய ஓட்டையில் அது உறைந்து தானாகவே அடைத்துவிடும்.

சைக்கிள் போனால் காட்டுப் பாதை கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவின் மொன்டானாவில் வில்சன், செனி என்ற இரு ஆய்வாளர்கள் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் பாதைகளில் விட்டுப் பார்த்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். மண்ணை அதிகம் பெயர்த்தவை குதிரைக் குளம்புகளும் மனிதக் கால்களும்தான், சக்கரங்கள் அவற்றைவிடக் குறைவு. கனடாவின் ஒன்டாரியோவில் 2001இல் வந்த ஆய்வும் செடிகொடிகளுக்கு நடப்பவரும் சைக்கிளும் செய்யும் சேதம் ஏறக்குறைய ஒன்றே என்றது. ஆனால் இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போகிறவர் எந்த ஆய்வுக்கும் அடங்காத சேதம் செய்கிறார். அந்தக் கீறலில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டிவிடும்.

பாதையை உண்மையில் தின்பது மழைத்தண்ணீர். சரிவில் நேராகக் கீழே இறங்கும் பாதை எதுவானாலும் சில பருவங்களில் ஓடையாகிவிடும். உலகெங்கும் தடம் அமைப்பவர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதியைத் தாண்டக் கூடாது. மொத்தப் பாதையின் சராசரி ஏற்றம் நூற்றுக்குப் பத்துக்குள் இருக்க வேண்டும். பாதை சரிவின் குறுக்கே, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்து போனால் தண்ணீர் பாதையைக் கடந்து ஓடிவிடும், பாதை வழியே ஓடாது. இடையிடையே பாதை கொஞ்சம் இறங்கி ஏறினால் அந்தப் பள்ளமே வடிகாலாகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கலங்கல் வைத்து வழியவிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஏரி கட்டிய பகுதி இது. இந்த அறிவு நமக்கு அந்நியமே இல்லை.

குடியம் குகைக்குப் போகும் வழி காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 நடைவழிகளில் அதுவும் ஒன்று. பதிவு செய்து, வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும். சைக்கிளைக் காட்டுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் காட்டுக்கு வெளியே பூண்டியைச் சுற்றி வண்டிப்பாதைகளும் ஏரிக்கரைகளும் மேய்ச்சல் தடங்களும் ஏராளமாக உள்ளன. அவற்றில் ஒன்றை முறையான தடமாக்க முடியும். பக்கத்து மாநிலமான கேரளம் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டியைப் பொன்முடியில் நடத்திக் காட்டியது. புழலுக்குப் பக்கத்தில், அம்பத்தூரில், 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இருக்கிறது. வண்டி செய்யத் தெரிந்த ஊருக்குத் தடம் போடத் தெரியாதா? ஊராட்சிகளும் வனத்துறையும் சேர்ந்து, மேலே சொன்ன கணக்குப்படி ஒரு தடத்தைக் குறித்துக் கொடுத்தால் வடசென்னைத் துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

போக நல்ல மாதங்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த உடனே கிளம்பிவிடாதீர்கள். ஈரமான செம்மண்ணில் பதிந்த டயர்த்தடம் காய்ந்தால் இறுகி, அடுத்த மழைக்குக் கால்வாயாக நிற்கும். பாதையில் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அன்றைக்குத் தார்ச்சாலையிலேயே மிதியுங்கள். உதிர்ந்தால் உள்ளே இறங்கலாம்.