கோட்டுக்குத் தோள்தான் முதல்

தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, வரவேற்புக்குக் கோட் சூட் என்பது ஏறக்குறைய வழக்கமாகவே ஆகிவிட்டது. மணப்பெண்ணின் புடவைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் வீடுகளில்கூட மாப்பிள்ளையின் கோட்டைக் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள். அந்த அவசரத்தில் நிறத்தையும் பளபளப்பையும் கடையின் பெயரையும் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். கோட் உடம்பில் அழகாக நிற்பது இவற்றால் அல்ல. தோளின் அளவு, உள்ளே வைத்துத் தைக்கும் கேன்வாஸ், துணியின் நூல் ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. செலவும் கவனமும் அங்கேதான் போக வேண்டும்.

கோட்டின் தோள் தையல், நம் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். அதைத் தாண்டிப் போனால் கையின் மேற்பகுதியில் பள்ளம் விழும். உள்ளே நின்றுவிட்டால் பிடித்து இழுக்கும். கழுத்தின் பின்பக்கம் கோட் காலர் சட்டைக் காலரை ஒட்டி உட்கார வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட்டை மடித்துத் தைக்கலாம். இவை எல்லாம் சிறிய வேலைகள். தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையையும் காலரையும் பிரித்தெடுத்து மறுபடி பூட்ட வேண்டும். அதனால் தோள் பொருந்தாத கோட் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். அடுத்தது கண்ணுக்குத் தெரியாத உள்ளடுக்கு. விலை குறைந்த கோட்டுகளில் அதைச் சூடும் பசையும் கொண்டு துணியோடு ஒட்டிவிடுகிறார்கள். ஃப்யூசிங் என்பது இதுதான். நல்ல கோட்டில் குதிரைமுடி கலந்து நெய்த கேன்வாஸை ஊசியால் தளர்வாகத் தைத்துச் சேர்ப்பார்கள். ஒட்டிய கோட் அட்டைபோல் விறைத்து நிற்கும். டிரை கிளீனிங் போய் வரும்போது பசை விட்டு மார்பில் கொப்புளம் எழும்பவும் கூடும். தைத்த கேன்வாஸோ போடப்போட உடம்பின் வளைவுக்குப் பழகும். மார்பு வரை மட்டும் கேன்வாஸ் வைத்துக் கீழே ஒட்டும் முறையும் உண்டு. நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

நம் ஊர் வெயிலில் கோட்டே எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். வரவேற்புக்கும் வேட்டி கட்டி நிற்கும் மாப்பிள்ளையின் மதிப்பு எந்த விதத்திலும் குறைந்துவிடாது. ஆனால் கோட் போடுவதென்று முடிவெடுத்தவர், வேர்வைக்குக் கோட்டைவிடத் துணிதான் பெரிய காரணம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் ஒரு விழுக்காடுகூட உறிஞ்சாது. வீடியோ விளக்கின் கீழ் இரண்டு மணி நேரம் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் தெளிவாகப் புரியும். கம்பளி என்றதும் ஊட்டி ஸ்வெட்டரை நினைக்க வேண்டாம். சதுர மீட்டருக்கு 250 கிராமுக்குக் குறைவான, இடைவெளி விட்டு நெய்த மெல்லிய கம்பளித் துணிகள் வெப்ப நாடுகளுக்கென்றே வருகின்றன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்கண்ணாகத் தெரியும் துணி காற்றை விடும். லைனிங்கை முதுகின் மேற்பகுதிக்கு மட்டும் வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. கடைக்காரர் ‘சூப்பர் 100’, ‘சூப்பர் 120’ என்று எண் சொல்லுவார். அது இழையின் மென்மையைக் குறிக்கும் எண். சூப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரானுக்கு மிகக் கூடாது. எண் ஏற ஏற இழை மெலியும், துணியும் சீக்கிரம் கசங்கும். சர்வதேசக் கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி இந்தப் பெயர் தூய கம்பளித் துணிக்கே உரியது. ஆகவே பாலியெஸ்டர் கலந்த துணியில் அந்த முத்திரையைப் பார்த்தால் ஏமாற வேண்டாம்.

ஒருநாள் கூத்துக்கு இவ்வளவு செலவா என்ற மறுப்பு இதைவிட வலுவானது. மெரூன் வெல்வெட்டில் ஜரிகை வைத்த கோட்டுக்கு அது முழுக்கப் பொருந்தும். அதை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். கருநீலத்திலோ அடர் சாம்பலிலோ இரண்டு பொத்தான் வைத்துத் தைத்த கோட் அப்படியல்ல. நேர்முகத் தேர்வு, அலுவலக விழா, தம்பி தங்கை கல்யாணம் எல்லாவற்றுக்கும் அது உதவும். தையல்காரரிடம் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொன்னால், உடம்பு கொஞ்சம் பூசினாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பல ஆயத்த கோட்டுகளில் அந்த அளவு துணி விட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் நாள் வேண்டும். குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள். ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடித் தள்ளுபடியிலேயே துணி எடுத்துக் கொடுத்துவிடலாம். தையில் என்றால் தீபாவளி நெருக்கடி ஓய்ந்த கார்த்திகைதான் சரியான சமயம். கச்சாத் தையலில் ஒருமுறை, முடிக்கும் முன் ஒருமுறை என இரண்டு ட்ரையல் கேளுங்கள். அன்றைக்குப் போடப்போகும் சட்டையையும் ஷூவையுமே போட்டுப் பாருங்கள். கோட்டின் கைக்கு வெளியே சட்டைக்கை அரை அங்குலம் தெரிய வேண்டும். பின்பிளவில் பெருக்கல் குறிபோல் போட்டிருக்கும் நூலை மேடை ஏறும் முன் வெட்டிவிடுங்கள். இரண்டாவது ட்ரையலுக்கு நேரமில்லை என்று சொல்லும் தையல்காரரிடம் துணியைக் கொடுக்காதீர்கள்.