நாடி திறந்திருந்தும் நெஞ்சு நோவதேன்?

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பர் நம் பெரியோர். வைத்தியசாலையில் எடுத்த படத்திலே அடைப்பு இல்லை என்றவுடன், இருதயத்தில் நோயே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதும் அத்தகைய மயக்கமேயாகும்.

விசுவமடுப் பகுதியிலிருந்து பரந்தனையும் ஆனையிறவையும் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நெஞ்சு நோவுடன் செல்வோர் உளர். அங்கே கை வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, மருந்துநீர் பாய்ச்சி, இருதய நாடிகளைப் படம் பிடிக்கின்றனர். இதனையே ‘அஞ்சியோகிராம்’ என்கிறோம். அடைப்பில்லை என்று கேட்டு வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் சிலருக்கு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அதே நெரிப்பு மீண்டும் வருகிறது. “படத்திலே ஒன்றுமில்லையே, இது யோசனையால் வருவது” என்று சுற்றத்தார் சொல்லிவிடுகின்றனர். 2009 ஆம் ஆண்டுப் போரின் துயரைச் சுமக்கும் வன்னி மண்ணில் இவ்வாறு சொல்லுதல் எளிது. சொல்லக் கேட்டவரோ, அடுத்த முறை நோவு வந்தால் வாய் திறவாது பொறுத்துக்கொள்கிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்வன முடியுரு நாடிகள். அவை கிளைத்துக் கிளைத்து, அரை மில்லிமீற்றரிலும் நுண்ணிய குழாய்களாகின்றன. படத்தில் தெளிவாய்த் தெரிவன பெரிய நாடிகளே; நுண்ணியவை தெரிவதில்லை. தோட்டம் செய்வோர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெரிய வாய்க்காலில் நீர் நிறைந்தோடினும், கிளை வாய்க்கால் தூர்ந்திருந்தால் பாத்தியிலுள்ள மிளகாய்க் கன்று வாடுமன்றோ? நுண்குழாய்கள் வேண்டிய நேரத்தில் விரியாவிடின், உழைக்கும் தசைக்கு ஒட்சிசன் போதாமல் நோவு எழுகிறது. இது ஒரு வகை.

மற்றொரு வகையில், பெரிய நாடியே திடீரெனச் சுருங்கிப் பின் விரிகிறது. நீர்க்குழாயை ஒருவர் மிதித்துவிட்டுக் காலை எடுத்தாற் போன்றது இது. மிதித்தவர் போன பின்பு பார்த்தால் குழாயில் குறை தெரியாது. இந்நோவு பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்போதும், இரவிலும், விடியற்காலையிலும் வரும்.

இவ்வறிவு ஒரு நாளில் வந்ததன்று. இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் இந்நெஞ்சு நெரிப்பை 1768 இல் அறிஞர் அவையில் விளக்கிப் பெயரிட்டார். 1958 இல் அமெரிக்க வைத்தியர் மேசன் சோன்ஸ் முடியுரு நாடிகளைத் தனித்தனியே படம் பிடிக்கும் வழியைக் கண்டார். மறு ஆண்டே மைரன் பிரின்ஸ்மெற்றல் என்பார் ஓய்வில் வரும் நோவைப் பற்றி எழுதினார். நாடி திறந்திருந்தும் நோவு வரும் நிலைக்கு 1973 இல் ஹார்வி கெம்ப் சூட்டிய பெயர் ‘எக்ஸ் நோய்க்குறித் தொகுதி’ என்பது. அந்நோவின் காரணம் அப்போது விளங்காதிருந்தது!

2010 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, முன்பு இருதய நாடி நோய் இருப்பதாக அறியப்படாமல், அவசரமின்றிப் படமெடுத்துக்கொண்ட ஏறத்தாழ 4 இலட்சம் பேரை ஆராய்ந்தது. அவர்களுள் 38 சதவீதத்தினர்க்கே பெரிய அடைப்பு இருந்தது. எஞ்சியோர் அனைவர்க்கும் நுண்குழாய் நோய் என்று நாம் கொள்ளலாகாது. வயிற்றமிலம், தசைப்பிடிப்பு முதலியனவும் நெஞ்சை நோகச் செய்யும். ஆயினும் அடைப்பற்ற இருதய நோவு பெண்களிடையே மிகுதி என்பது தெளிவாகியுள்ளது.

நோயை அறிவது எவ்வாறு? நுண்ணிய கம்பியொன்றை நாடிக்குள் செலுத்தி, அடினோசீன் என்னும் மருந்தால் குருதியோட்டம் எவ்வளவு பெருகுகிறது என அளக்கின்றனர். இரு மடங்காயினும் பெருகாவிடில் நுண்குழாயிற் குறையுண்டு. அசெற்றைல்கோலினைச் செலுத்தி, நாடி இறுகுகிறதா எனவும் காண்கின்றனர்.

இச்சோதனையால் நோயாளிக்குப் பயனுண்டா? ஸ்கொத்லாந்தில் நடந்து 2018 இல் வெளியான ஆய்வு விடை தந்தது. அடைப்பில்லாத 151 பேர்க்கும் சோதனை செய்யப்பட்டது. ஒரு பகுதியினரின் முடிவு வைத்தியர்க்கு அறிவிக்கப்பட்டது, மற்றவர்களுடையது மறைக்கப்பட்டது. ஆறு மாதங்களின் பின், முடிவறிந்து மருந்து பெற்றோர்க்கே நோவு குறைந்திருந்தது. நோயின் வகையறிதலே சிகிச்சையின் பாதி என்பது இதனாற் பெறப்படும்.

ஏனெனில் வகைக்கேற்ப மருந்து மாறும். நுண்குழாய்க் குறைக்குப் பீற்றா தடுப்பு மருந்துகள் பெரிதும் உதவும். நாடி இறுகும் நோய்க்கோ கல்சியத் தடுப்பு மருந்துகளும் நைத்திரேற்றுகளும் ஏற்றவை; அங்கே பீற்றா தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் தீங்கும் நேரலாம். இருதயத்திற்குத் தொடர்பில்லாத நோவெனத் தெரிந்தால், வேண்டாத மருந்துகளை வைத்தியரே நிறுத்துவார். குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்திரோல் ஆகியவற்றை அடக்குதலும், புகைத்தலை அறவே விடுதலும் எவ்வகைக்கும் பொது. மனக்கவலை நோவைத் தூண்டும் என்பது மெய். அதனால் நோவு பொய்யாகிவிடாது.

இக்கம்பிச் சோதனை எல்லா வைத்தியசாலைகளிலும் நடைபெறுவதன்று. ஆனால் நோவின் வரலாற்றை ஒழுங்காய்ச் சொல்லுதல் எவ்வூரிலும் இயலும். மாணவர்களே, உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ நெஞ்சு நோவென்றால், ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: எப்போது வந்தது? வேலையிலா, ஓய்விலா? எத்தனை நிமிடம் நீடித்தது? எதனால் தணிந்தது? அக்குறிப்பை வைத்தியரிடம் காட்டி, “அடைப்பில்லையாயின் இந்நோவுக்குக் காரணம் யாது, ஐயா?” எனப் பணிவோடு கேளுங்கள்.

ஓய்ந்திருந்தும் தணியாத நெரிப்பு, வியர்வை, மூச்சுத்திணறல் என்பன தோன்றினால், முன்னைய படத்தை நம்பிக் காத்திராதீர்கள். 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். நோவென்று சொல்பவரின் சொல்லை முதலில் நம்புவோம். காரணத்தை வைத்தியர் தேடட்டும்.