தேவசகாயம் பிள்ளை விட்டதும் விடாததும்

சம்பள நாள் மாலையில் நம் வீடுகளில் கணக்குப் பார்க்கிறோம். கடைக்காரருக்கு இவ்வளவு, பள்ளிச் செலவுக்கு இவ்வளவு. பணம் போதாதபோது, “இத்தனை கும்பிட்டும் கடவுள் என்ன கொடுத்தார்?” என்று ஒரு பெருமூச்சு எழுகிறது. சாஆ வட்டாரத்துத் தோட்டங்களில் நாம் பலமுறை கேட்ட கேள்வி இது. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவரும் கேட்கிறார். மாதா கோயிலுக்குப் போகிறவரும் கேட்கிறார். இதே கேள்வி ஒரு செல்வர் வீட்டிலும் ஒரு காலத்தில் எழுந்தது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் கீழ் அதிகாரியாக இருந்தவர். 1741இல் நடந்த குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்த டச்சுக்காரர் டி லனாய் அவருக்கு நண்பரானார். அக்காலத்தில் நீலகண்டரின் கால்நடைகள் மடிந்தன. பயிரும் அழிந்தது என்று கிறிஸ்தவ மரபு கூறுகிறது. மனமுடைந்த நண்பருக்கு டி லனாய் விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார். மந்தைகளையும் மக்களையும் இழந்தும் கடவுளைப் பழிக்காதவர் யோபு.

1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவியும் ஞானப்பூ என்ற பெயர் பெற்றார்.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். கதையின் முடிவில் யோபுவுக்கு இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்பியது. தேவசகாயத்துக்கோ எதுவும் திரும்பவில்லை. இருந்த பதவியும் போயிற்று. சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதால் பகை வளர்ந்தது. 1749இல் சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தினார்கள். அவர் தம் விசுவாசத்தை விடவில்லை. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. 2022 மே 15இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். துறவியோ குருவோ அல்லாத இந்தியர்களில் முதல் புனிதர் அவரே.

அப்படியானால் ஏழ்மையே நல்லது என்று பொருளா? இல்லை. உழைத்த கூலியைக் கேட்பது நம் உரிமை. கூலியைப் பிடித்து வைப்பவரை விவிலியமே கண்டிக்கிறது. பணம் வேண்டும், ஆனால் அதற்கு விலையாக எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. பக்கத்து நிரையின் குலையை நம் கணக்கில் சேர்த்தால் சில வெள்ளி கூடும், நாணயம் போகும். கடன் வாங்கி ஆடம்பரக் கல்யாணம் செய்தால் ஊர் மெச்சும். வீட்டின் நிம்மதி போகும். நாலு நம்பரில் போட்ட காசு பிள்ளையின் புத்தகக் காசு.

ஆகவே அடுத்த சம்பள நாளில், வரவு செலவு எழுதிய தாளின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்ப்போம்: “இந்தப் பணத்துக்காக நாம் எதை விட்டோம்?” அந்த வரி வெறுமையாக இருக்கும் வீடே செல்வமுள்ள வீடு.